எரிமலை இல்லாத நாட்டின் அருவிகள்

இலங்கையின் பம்பரகந்த நீர்வீழ்ச்சியின் உயரம் 263 மீற்றர். தியலும 220 மீற்றர். முதலாவது ஹல்துமுல்லைக்கு மேற்கே, கலுபஹனவில் பிரதான வீதியை விட்டு விலகி மேலேறும் வழியில் இருக்கிறது. இரண்டாவது கிழக்கே, கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாய நோக்கி இறங்கும்போது பஸ் ஜன்னலிலேயே தெரியும். எரிமலைக்கும் அருவிக்கும் உலகப் புகழ்பெற்ற ஐஸ்லாந்தில் இவற்றுக்கு இணை தேடிப் பாருங்கள். அங்கே நெடுங்காலம் மிக உயரமானது என்று கருதப்பட்ட கிளிமுர் அருவி 198 மீற்றர்தான். பனிப்பாறை உருகிப் பின்வாங்கியதால் அண்மைக் காலத்தில் வெளியே தெரியவந்த மோர்சார்ஃபோஸ் அதைவிட உயரம். ஆனாலும் அது 240 மீற்றரைத் தாண்டவில்லை. பம்பரகந்தயின் உயரத்துக்கு அந்தத் தீவில் ஒன்றுமில்லை.

ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. வடதுருவ வட்டத்தை ஒட்டிக் கிடக்கும் ஐஸ்லாந்தை அதன் 1,322 கிலோமீற்றர் வட்டவீதியில் சுற்றிவருகிறவர்கள் எரிமலை, பனிப்பாறை, அருவி மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடுகிறார்கள். அதனால் மூன்றும் சேர்ந்தேதான் வரும் என்ற எண்ணம் மனதில் பதிந்துவிடுகிறது. நம் அருவிகள் இருக்கும் ஊவா மாகாணத்தில் எரிமலை கிடையாது. பனிப்பாறை, கடந்த பனியுகத்தின் கடுங்குளிரிலும்கூட, இங்கே இருந்ததில்லை. இருந்தும் பதுளை நகருக்கு அருகே துன்ஹிந்த 64 மீற்றர் குதிக்கிறது; எல்லவுக்குக் கீழே இராவணன் நீர்வீழ்ச்சி வீதியோரத்திலேயே இரைகிறது; தோட்டங்களுக்குள் பெயர் பெறாத அருவிகள் எத்தனையோ. அப்படியானால் இந்த உயரம் எங்கிருந்து வந்தது?

அருவிக்கு வேண்டியவை இரண்டு: ஓடும் நீர், அது ஓடும் தரையில் திடீரென்று ஒரு வெட்டு. ஆற்றின் இயல்பு தன் படுகையைச் சமன்செய்வது. மேட்டை அரித்துப் பள்ளத்தில் கொட்டி, போதிய காலம் கிடைத்தால், எந்தச் செங்குத்தையும் அது சரிவாக்கிவிடும். அந்த வேலை முடியாமல் நிற்கும் இடத்தைத்தான் அருவி என்கிறோம். ஏன் முடியவில்லை என்பதற்கு ஐஸ்லாந்தில் ஒரு விடை. ஹல்துமுல்லையில் அதற்கு நேர் எதிரான விடை.

ஐஸ்லாந்தில் நிலம் மிகவும் புதியது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே ஓடும் கடலடி மலைத்தொடர் அங்கே நீருக்கு மேலே தலைகாட்டுகிறது. ஒரு புறம் வட அமெரிக்கத் தட்டு, மறுபுறம் யூரேசியத் தட்டு; இரண்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் விலகுகின்றன. விலகும் இடைவெளியை ஆழத்திலிருந்து ஏறிவரும் எரிகுழம்பு நிரப்புகிறது. தீவின் மிகப் பழைய பாறைக்கே வயது ஒரு கோடியே அறுபது இலட்சம் ஆண்டுகள்தான். இத்தனை இளம் தரையை ஆறுகள் இழைத்துச் சீர்செய்ய இன்னும் அவகாசம் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, பனியுகத்தின் பெரும் பனிச்சுமை நீங்கியதும் தரை மேலெழுந்தது. முன்பு அலைமோதிய கடற்கரைப் பாறைச் சுவர்கள் உள்நாட்டில் நின்றுபோயின. வட்டவீதியிலிருந்தே தெரியும் ஸ்கோகாஃபோஸ், செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ் என்ற இரண்டும் ஏறத்தாழ 60 மீற்றர் உயரத்தில் அப்படிப்பட்ட பழைய கடலோரச் சுவர்களிலிருந்துதான் விழுகின்றன.

ஐஸ்லாந்தின் அருவிகள் ஒரே இடத்தில் நின்று விழுபவையும் அல்ல. வடக்கேயுள்ள டெட்டிஃபோஸ் 44 மீற்றர் உயரம். வத்னயோகுல் என்ற மாபெரும் பனிப்பாறையின் உருகுநீர் அதில் பாய்கிறது. பனிக்கு அடியில் எரிமலை விழித்தால் உருகிய நீர் மொத்தமாகத் திறந்துகொண்டு பாறாங்கற்களோடு கிளம்பும். அப்படிப்பட்ட பெருவெள்ளங்கள் ஏறத்தாழ 9,000, 5,000, 2,000 ஆண்டுகளுக்கு முன்பு வந்து அந்த ஆற்றின் பள்ளத்தாக்கை வெட்டியதாகவும், அருவிகள் கிலோமீற்றர் கணக்கில் பின்னோக்கி நகர்ந்ததாகவும் 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பசால்ட் பாறை குளிரும்போது சுருங்கித் தூண் தூணாக வெடிக்கும். வெள்ளம் அந்தத் தூண்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுக்கும். அங்கே அருவி வேகமாகப் பிறந்து வேகமாகத் தேயும்.

இனி நம் பக்கம் வருவோம். ஹல்துமுல்லையிலிருந்து பெரகலை வரை வீதிக்காக வெட்டிய மலைப்பக்கத்தைக் கவனித்தால், பாறையில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். சில பட்டைகளில் குருதிச் சிவப்பில் சிறு மணிகள் பதிந்திருக்கும், அவை கார்னெட். ஓடைகள் அவற்றைக் கழுவிக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதால் ஆற்றுமணலே சில இடங்களில் சிவந்து கிடக்கும். இந்தக் கார்னெட் ஒரு சாட்சி. கடும் அழுத்தமும் 800 பாகை செல்சியஸை ஒட்டியோ தாண்டியோ போகும் வெப்பமும் சேர்ந்து பழைய பாறையைப் புதிய பாறையாக உருமாற்றியபோது அது விளைந்தது. அந்த உருமாற்றம் 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்கு இருபது முப்பது கிலோமீற்றர் ஆழத்தில் நடந்தது. உருமாறுவதற்கு முன் அந்தப் பாறைகளில் பல கடலடி மணலாகவும் சேறாகவும் சுண்ணாம்பாகவும் இருந்தவை. அவற்றின் மூலப்பொருளின் வயது 200 கோடி ஆண்டுகளையும் தாண்டுகிறது. இலங்கையின் நடுமலைநாடு முழுவதும் இந்த வகைப் பாறைதான். புவியியலாளர் இதற்கு உயர்நிலத் தொகுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இலங்கை தீவல்ல. தென்னிந்தியா, மடகாஸ்கர், கிழக்கு அந்தாட்டிக்கா எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானாப் பெருநிலத்தின் நடுப்பகுதி. நம் மலைகளில் நிறையக் காணப்படும் சார்னோகைட் பாறையை 1893இல் தோமஸ் ஹோலண்ட் முதன்முதலில் ஆராய்ந்து எழுதியது சென்னைப் பரங்கிமலைக் கல்லை வைத்துத்தான். நீலகிரியும் பெரும்பாலும் அதே பாறையாலானது. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தமிழகத்து வறட்சி ஊர்களிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த நம் முன்னோர், ஊவாவில் மண்வெட்டியால் தட்டியது ஊரில் விட்டுவந்த மலைகளின் உறவுப் பாறையைத்தான். இதை அறிந்த நாளிலிருந்து இந்த மலைகளை அந்நிய மண் என்று யார் சொன்னாலும் எனக்கு ஏற்கமுடிவதில்லை.

பாறையின் வயது தெரிந்துவிட்டது. வெட்டு எப்படி வந்தது? இலங்கையைத் தெற்கிலிருந்து பக்கவாட்டில் பார்த்தால் மூன்று படிகளைக் கொண்ட ஒரு படிக்கட்டுப் போல இருக்கும். கடலோரச் சமவெளி ஒரு படி. நடுத்தர உயரத்து மேட்டுநிலம் அடுத்த படி. ஹோர்ட்டன் சமவெளி உச்சிப்படி, 2,000 மீற்றருக்கும் மேலே. கனடாவைச் சேர்ந்த ஃபிராங்க் டோசன் ஆடம்ஸ் 1929இல் வெளியிட்ட இலங்கைப் புவியியல் ஆய்வில் இதை விவரித்தார். நிலம் தவணை தவணையாக உயர்ந்தது, ஒவ்வோர் உயர்வுக்குப் பிறகும் ஆறுகள் அரித்து ஒரு சமதளத்தை உண்டாக்கின என்பது அவர் விளக்கம். பிறகு 1938 முதல் 1944 வரை இலங்கை அரசின் கனிமவியலாளராகப் பணியாற்றிய டி. என். வாடியா அதை மறுத்தார். நடுமலைநாடு ஒரு பாளமாகப் பிளவுகளின் வழியே மேலே தள்ளப்பட்டது என்றார் அவர். அதன் பிறகு வந்தவர்கள் பாறை மடிப்புகளையும் வலிய பட்டைகள் மெலியவற்றைவிட மெதுவாகத் தேய்வதையும் எடுத்துக்காட்டினார்கள். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தாட்டிக்கா பிரிந்து போனபோது உண்டான விளிம்பு, அரிப்பினால் உள்நோக்கி நகர்ந்து இன்றைய தென்சரிவாக நிற்கிறது என்பாரும் உண்டு. வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு ஆடம்ஸின் படிகளை ஒரு வருணனையாக ஏற்கப் பிடிக்கும். காரணம் என்று வரும்போது ஒரே காரணத்தில் அடங்காத அளவுக்கு இந்தச் சரிவு நீண்டது, பழையது.

எப்படி வந்ததாயினும், அந்தத் தென்சரிவின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும் உண்மை. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற இடத்தில் தரை முடிந்து ஏறத்தாழ 870 மீற்றர் வெட்ட வெளி. அங்கிருந்து கிழக்கே ஓஹிய, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை என்று விளிம்பு நீள்கிறது. பதுளை ரயில் அந்த முகட்டின் மேலேயே ஊர்கிறது. இதல்கஸ்ஹின்னயில் ரயிலின் ஒரு பக்க ஜன்னலில் ஊவாப் பள்ளத்தாக்கு, மறுபக்க ஜன்னலில் உடவளவை வரை விரியும் தென்சமவெளி. முகட்டின் வடக்கே விழும் மழை உமா ஓயா, பதுளு ஓயா வழியாக மகாவலியில் கலந்து திருகோணமலையில் கடலைச் சேர்கிறது. சில அடி தெற்கே விழுந்தால் வளவை ஆற்றிலோ கிரிந்தி ஓயாவிலோ இறங்கி அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கடலுக்குப் போகிறது. அப்படித் தெற்கே இறங்கும் நீர்தான் பம்பரகந்தயும் தியலுமவும்.

இவ்வளவு மழை பெய்தும் அந்தச் சுவர் ஏன் தேய்ந்து சாயவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அதை அளக்க அழகான வழி ஒன்று இருக்கிறது. விண்வெளியிலிருந்து இடைவிடாமல் வந்து விழும் கதிர்கள் குவார்ட்ஸ் மணலில் உள்ள ஒட்சிசன் அணுக்கருவை உடைத்து பெரிலியம்-10 என்ற அரிய ஐசோடோப்பை உண்டாக்குகின்றன. இது தரையின் மேற்பரப்பை ஒட்டிய ஒரு மீற்றர் அளவுக்குள்தான் பெரும்பாலும் நடக்கும். பாறை மெதுவாகத் தேய்ந்தால் மணல்துகள் மேற்பரப்பில் நெடுங்காலம் கிடந்து நிறையப் பெரிலியம் சேர்க்கும். விரைவாகத் தேய்ந்தால் கொஞ்சமே சேர்க்கும். ஆற்றிலிருந்து ஒரு கைப்பிடி மணலை எடுத்து அதை எண்ணினால், மேலேயுள்ள மலை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக என்ன வேகத்தில் கரைகிறது என்று கணக்கிடலாம்.

வெர்லே வானாக்கர், ஃபிரீட்ஹெல்ம் ஃபோன் பிளாங்கன்புர்க், திலக் ஹேவாவசம் ஆகியோர் அடங்கிய குழு 2007இல் தென்சரிவின் ஓடைகளில் இதைச் செய்து வெளியிட்டது. உச்சி மேட்டுநிலம் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர்தான் தாழ்கிறது. செங்குத்துச் சரிவு ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 முதல் 70 மில்லிமீற்றர். சரிவு மேட்டைவிடப் பத்து மடங்கு வேகமாகத் தேய்கிறது என்பது சரி. ஆனால் அந்த வேகமே நூறு ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர். வெப்பமண்டல மழை மலையைக் கரைத்துத் தள்ளிவிடும் என்று நாம் நினைப்பதற்கு மாறான முடிவு இது. டெட்டிஃபோஸ் கிலோமீற்றர்களை விழுங்கிய காலத்தில் தியலுமவின் பாறை ஓர் ஆள் உயரம்கூடத் தேய்ந்திருக்காது.

பாறையின் வலிமை மட்டும் இதற்குக் காரணம் அல்ல. ஆறு பாறையை நீரால் அறுப்பதில்லை. நீர் உருட்டிவரும் கல்லாலும் பருமணலாலும் அறுக்கிறது. ஐஸ்லாந்தின் பனிப்பாறை ஆறுகள் அரைத்த பாறைத்தூளும் உருண்டைக் கல்லும் சுமந்து வருகின்றன. நம் ஈரமலையில் பாறை நின்ற இடத்திலேயே இரசாயன மாற்றத்தால் களிமண்ணாக மாறிவிடுகிறது. ஓடைக்குக் கிடைப்பது சேறு. அறுக்கும் கருவி அல்ல. கருவி கிடைத்த இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தியலுமவின் உச்சியில் பார்க்கலாம். அங்கே பாறைத்தளத்தில் வட்ட வட்டமான நீர்க்குழிகள் இருக்கின்றன. சுழலில் அகப்பட்ட சில கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடைந்ததால் வந்தவை. வெளிநாட்டுப் பயணிகளுக்கும் நம் இளைஞர்களுக்கும் அவை இப்போது குளிக்கும் இடமாகிவிட்டன. மேலே மழை பெய்வது கீழே தெரியாது. பூனாகலை மலையில் பெய்த மழை திடீரென்று வந்து சேரும். பாறையின் விளிம்புவரை போய்ப் படம் எடுப்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

எரிமலை இல்லையென்றால் வெந்நீர் ஊற்று எப்படி வந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. திருகோணமலை கன்னியாவில் ஏழு கிணறுகள், தெற்கே மகாபெலஸ்ஸ, கிழக்கே மகா ஓயாவில் 50 பாகையைத் தாண்டும் ஊற்று. இவை பெரும்பாலும் உயர்நிலத் தொகுதியும் கிழக்கேயுள்ள விஜயன் தொகுதியும் சந்திக்கும் பழைய எல்லையை ஒட்டி வரிசையாக வருகின்றன. ஆழத்துக்குப் போகப் போக, எரிகுழம்பு இல்லாவிட்டாலும், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் வெப்பம் இருபத்தைந்து முப்பது பாகை கூடும். மழைநீர் பிளவுகளில் இறங்கி, சூடேறி, வேறொரு பிளவில் மேலே வருகிறது, அவ்வளவுதான். ஐஸ்லாந்தில் அடியில் எரிகுழம்பே காத்திருப்பதால் பத்தில் ஒன்பது வீடுகளைத் தரைச்சூட்டாலேயே குளிர்காய வைக்கிறார்கள்.

பயணம் போகிறவர் பருவம் பார்த்துப் போகவேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் நுவரெலியாப் பக்கத்து மலைகளில் இறக்கிவிட்டு வறண்ட கச்சான் காற்றாக ஊவாவுக்குள் நுழைகிறது. கொழுந்து வளர்வது மெதுவாகி, இலைக்குள் மணம் திரள்வது அந்த மாதங்களில்தான். ஊவாத் தேயிலையின் பேரும் விலையும் அதனால் வந்தவை. அந்த மாதங்களில் தியலும மெலிந்து பாறையில் ஈரக்கோடாகிவிடும். ஒக்டோபரில் பருவங்களுக்கிடையிலான மாலை மழை தொடங்கி, நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை வலுக்கும்போது அருவிகள் முழு உருவம் கொள்ளும். படத்துக்கு அது நல்ல காலம். லயத்தில் குடியிருப்பவர்களுக்கு அது பயத்தின் காலம். அதை விரிவாகச் சொல்லியாகவேண்டும்.

அதற்கு முன், மனிதர் கட்டிய ஓர் அருவியையும் சொல்லிவிடுகிறேன். வடக்கே மகாவலிக்குப் போகும் உமா ஓயாவின் நீரில் ஒரு பங்கைத் திருப்பி, மலைக்குள் 15 கிலோமீற்றர் சுரங்கத்தில் கொண்டுவந்து, பாறைக்குள் அறுநூறு மீற்றருக்கும் மேல் செங்குத்தாக விழவைத்து, வெல்லவாயவுக்கு அருகே நிலத்தடி நிலையத்தில் 120 மெகாவோட் மின்சாரம் எடுக்கிறார்கள். 2024 ஏப்ரலில் அது திறக்கப்பட்டது. ஆறுகளுக்குக் கிடைத்த அதே படியைத்தான் பொறியியலாளர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆனால் சுரங்கம் தோண்டும்போது, 2014 டிசம்பரில், பாறைப் பிளவுகளில் தேங்கியிருந்த நீர் சுரங்கத்துக்குள் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. வலிய பாறை என்று நாம் சொல்வது உள்ளே பிளவுகளால் நிறைந்தது. அந்தப் பிளவுகளில் உள்ள நீர்தான் மேலேயிருக்கும் மண்ணையும் கிணற்றையும் தாங்கி நின்றிருக்கிறது. பெலிஹுல் ஓயாவுக்குக் கீழேயுள்ள சமனலவெவ அணையிலும் 1992இல் நீர் வேறொரு வழி கண்டுபிடித்து மலைக்குள் கசிந்தது. அங்கே காரணம் கரையும் தன்மையுள்ள சுண்ணக்கல்.

பாறை மெதுவாகத் தேயும் என்று சொன்னேன். அந்தப் பாறையின் மேலும் அடியிலும் கிடக்கும் மண்ணுக்கு அந்தப் பொறுமை கிடையாது. செங்குத்துச் சுவரிலிருந்து காலங்காலமாக உதிர்ந்த கல்லும், மேலே உருவான களிமண்ணும், முந்திய சரிவுகளின் குப்பையும் சுவரின் அடியில் ஒரு பாவாடை விரிப்பாகக் குவிந்திருக்கும். மேலே பார்த்தால் சற்றே சாய்வான, ஆழமண் கொண்ட, தேயிலைக்கு உகந்த தரை. நீர் சுலபமாகக் கிடைக்கும், ஏனென்றால் பாறையிலிருந்து ஊற்றுகள் அங்கேதான் வெளிப்படும். தோட்டத் துரைமார் லயங்களைக் கட்ட அந்தத் தரையைத் தேர்ந்ததில் வியப்பில்லை. காட்டை வெட்டிக் கோப்பி, கோப்பி நோயில் போனபின் தேயிலை என்று நிலம் கைமாறியபோது மண்ணைப் பிடித்திருந்த வேர்கள் போய்விட்டன. மகாவலியின் மேற்பகுதியில் 2003இல் வெளியான பெரிலியம் ஆய்வு, பயிர்செய்யும் நிலத்தின் மண்ணரிப்பு இயற்கை வேகத்தைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்குவரை இருப்பதைக் காட்டியது.

உலர்ந்த மண் சரிவில் நிற்பது துகளோடு துகள் உராய்வதால். மழைநீர் உள்ளே இறங்கித் துகள்களுக்கு இடையிலான வெளியை நிரப்பும்போது, அந்த நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தூக்கிப் பிரிக்கிறது. உராய்வு குறைகிறது, அதே நேரம் மண்ணின் எடை கூடுகிறது. கீழே நீர் புகாத பாறை இருந்தால் அந்த எல்லையே சறுக்குதளமாகிவிடும். ஒருநாள் மழையில் இது நேர்வது குறைவு. பல நாள் நனைந்து ஊறிய மண்ணின் மேல் ஓர் இரவு கொட்டினால் நேரும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் நேர்ந்தது அதுதான். ஹல்துமுல்லைப் பிரதேச செயலகத்துக்கு உட்பட்ட அந்தத் தோட்டப் பிரிவின் லயங்கள் மண்ணுக்கடியில் போயின. கோயிலும் போனது. பிள்ளைகளில் பலர் பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர்தப்பினார்கள். திரும்பி வந்தபோது தாய் தகப்பன் இல்லை, வீடு இருந்த இடமும் தெரியவில்லை. பலரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மறுபடி மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தின் எத்தனையோ மலைகள் ஒரே இரவில் இறங்கின.

எச்சரிக்கை இருந்தும் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்று மீரியபெத்தைக்குப் பிறகு பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு இன்றும் வலிக்கிறது. ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் நகருக்கு அடியில் 2023 நவம்பரில் எரிகுழம்பு ஏறிவருவது நிலநடுக்க அளவீடுகளில் தெரிந்ததும், 10ஆம் திகதி இரவே ஏறத்தாழ 3,700 பேரையும் வெளியேற்றினார்கள். எரிமலை வெடித்தது டிசம்பர் 18இல். அடுத்த ஆண்டு, அங்கே வீடு வைத்திருந்தவர்களின் வீடுகளை அரசே விலைக்கு வாங்கிக்கொள்ளச் சட்டம் இயற்றினார்கள். கருவிகள் உதவின, உண்மை. ஆனால் அந்த மக்கள் கிளம்பியதற்கு இன்னொரு காரணம், அவர்களுக்குப் போக இடமும், விட்டுப்போனதற்கு விலையும் இருந்தது. லயத்துக் காம்பராவில் நான்கு தலைமுறை வாழ்ந்தவருக்கு அந்தக் காம்பரா சொந்தமில்லை. அதன் கீழே உள்ள மண்ணும் சொந்தமில்லை. ஏழு பேர்ச் காணி தருவோம் என்ற வாக்குறுதியை எத்தனை தேர்தலில் கேட்டிருப்போம்! மழை விட்டபின் மறுபடியும் அந்தக் காம்பராவுக்கே திரும்பவேண்டிய ஒருவரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பதில் நியாயம் இல்லை.

இன்றைக்கு வேண்டிய அறிவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மண்சரிவு அபாய வரைபடப் பணி இலங்கையில் 1990இல் தொடங்கியதே பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு எளியது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையைத் தாண்டினால் விழிப்பாக இரு, 100ஐத் தாண்டினால் மூட்டை கட்டு, 150ஐத் தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேறு. நேரான வாயுள்ள எந்தப் பாத்திரத்தையும் திறந்தவெளியில் வைத்து, உள்ளே தேங்கிய நீரின் ஆழத்தை அளவுகோலால் பார்த்தாலே மில்லிமீற்றர் தெரிந்துவிடும். மலையின் சைகைகளையும் பெரியவர்கள் அறிவார்கள்: தரையில் புதிதாக வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்தல், கதவு நிலை இறுகுதல், ஊற்று திடீரென்று நிற்பது அல்லது சேறாக வருவது, புதிய இடத்தில் நீர் கசிவது. ஓடிக்கொண்டிருந்த ஓடை மழைக்குள் வற்றினால் மேலே எங்கோ மண் அதை அடைத்திருக்கிறது. அந்த நிமிடமே பக்கவாட்டில் விலகவேண்டும், பள்ளம் நோக்கி ஓடக்கூடாது.

கான் வெட்டுவதையும் சொல்லவேண்டும். தேயிலைச் சரிவில் குறுக்கே வெட்டிய கான்கள் மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் ஓடைக்கு நடத்திச் செல்ல ஏற்பட்டவை. ஆட்குறைப்பில் அவை மண் மூடிப்போன தோட்டங்கள் பல. மூடிய கான் நீரைத் தேக்கிச் சரிவுக்குள்ளேயே செலுத்துகிறது. கானே இல்லாமலிருப்பதைவிட அது கேடு. வட்டவளையில் ரயில் பாதையை அடிக்கடி இழுத்துச் சென்ற சரிவை, மலைக்குள் நீண்ட துளைக் குழாய்களை இறக்கி உள்நீரை வடித்துத்தான் அடக்கினார்கள். நீரை வெளியே எடுத்தால் மலை நிற்கும்.

அந்த அபாய வரைபடம் ஒன்று தமிழில், அந்தந்தத் தோட்டப் பிரிவின் லயங்களை இலக்கமிட்டுக் காட்டி, கொழுந்தெடுக்கப் போகுமுன் எல்லோரும் கூடும் ஒவ்வொரு பிரட்டுக்களத்திலும் தொங்கவேண்டும். பக்கத்தில் ஒரு மழைமானி. எந்த அளவுக்கு எந்தப் பாடசாலைக்குப் போவது என்று ஒரு வரி. மழை இரவில் வெளியேறி மறுநாள் வேலைக்கு வராதவருக்குப் பெயர் வெட்டப்படாது என்ற தோட்ட நிருவாகத்தின் எழுத்துறுதி. பிறகு, வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் லயங்கள் ஒவ்வொன்றுக்கும், சரிவில்லாத நிலத்தில், குடும்பத்தின் பெயரிலேயே உறுதி எழுதிய காணி.